கர்ப்பிணித் தாயிடம் மதுசாரம் பற்றிக் கேட்பதும் பேசுவதும்: கிளினிக்கிற்குப் புதிதாக வருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பின் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளில் தமிழ் பேசும் தாய்மாரோடு வேலை செய்யப் புதிதாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்காகவும் தாதியர்களுக்காகவும் ஆலோசகர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மதுசாரம் பற்றிய கேள்வியை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். புதியவர்கள் கேட்கும்போது பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிகழ்கிறது. "குடிக்கிற பழக்கம் ஒன்றும் இல்லைதானே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தாய் வாய் திறக்கும் முன், பேனா "இல்லை" என்ற இடத்தில் அடையாளம் இட்டுவிடுகிறது. தாய் அந்தப் பேனாவைப் பார்க்கிறார். அதன் பின் அவர் சொல்வதற்கு எதுவும் இல்லை.

நம் நாட்டில் குடிக்கும் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவே, குடிக்கும் ஒரு தாயை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளச் செய்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் அவர் பயமின்றிச் சொல்வதற்கான இடம், பிறகு கேள்வி, பிறகு அளவு, கடைசியாகத்தான் தகவலும் அறிவுரையும். அறிவுரையை முன்னால் வைத்தால் மற்ற மூன்றும் கிடைக்காமல் போகும்.

1. கிளினிக் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பானங்களின் பெயர்கள். "மதுசாரம்" என்ற சொல் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் இல்லை. வீட்டில் இருப்பவை சாராயம், கள்ளு, கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பு, பியர், வைன், பிராந்தி. நத்தாருக்கு வீட்டிலேயே ஊறவைத்த வைனைக் குடித்த ஒரு தாய் "நான் குடிக்கிறதில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பேச்சில் குடி என்றால் சாராயம்தான்.

இரண்டாவது, அளவுக் கணக்கு. 10 கிராம் சுத்த மதுசாரத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். பானத்தின் மில்லிலீற்றர் அளவைப் போத்தலில் அச்சிட்டுள்ள சதவீதத்தால் பெருக்கி, 100 ஆல் வகுத்து, 0.79 ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். நமக்கு அடிக்கடி தேவைப்படும் நான்கை நான் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். 33.5 சதவீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தல் ஏறக்குறைய 48 கிராம், அதாவது 5 அலகுக்குச் சற்றுக் குறைவு. 5 சதவீத பியர் 625 மில்லிலீற்றர் போத்தல் 25 கிராம், இரண்டரை அலகு. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் டின் 35 கிராம், மூன்றரை அலகு. 12 சதவீத வைன் 150 மில்லிலீற்றர் 14 கிராம், ஏறக்குறைய ஒன்றரை அலகு. கசிப்புக்குக் கணக்குப் போட வேண்டாம். அதன் வலிமை வடிப்புக்கு வடிப்பு மாறும். மெதனோல் போன்ற நஞ்சும் கலந்திருக்கலாம். கசிப்பு என்ற சொல் வந்தாலே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, ஒரு தாய் "ஓம்" என்று சொன்ன பிறகு அவரை எங்கே அனுப்புவது என்ற விவரம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸுக்கு 1990, போதைப் பழக்கத்திலிருந்து விடுபட உதவும் சுமித்ரயோவின் மெல் மெதுர, உங்கள் பிரதேசத் தாய்மார் அனுப்பப்படும் வைத்தியசாலையின் மனநலப் பிரிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருக்கிறார் என்பதை நீங்களே முன்கூட்டி அழைத்து விசாரித்து அதன் பக்கத்தில் குறியுங்கள். சிங்களம் சரளமாக வராத ஒரு தாய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றைச் சொல்லிவிட்டு, விளங்காத மொழியில் பதில் கேட்டால், இரண்டாம் தடவை யாரிடமும் சொல்லமாட்டார்.

2. தாயைத் தனியாகச் சந்தியுங்கள்

மாமியார், கணவர், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் கூட வருவது நம் வழக்கம். அவர்களை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். ஆகவே கேள்வியைத் தனிமை தானாக அமையும் நேரத்தில் வையுங்கள். நிறை பார்க்கும்போது, சிறுநீர்ப் போத்தலைக் கொடுத்து வாங்கும்போது, வயிறு பரிசோதித்து முடிந்து தாய் சேலையைச் சரிசெய்யும்போது இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். "இந்த வேலைக்கு அம்மா மட்டும் வரட்டும், இங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

திரைச்சீலை தனிமையாகாது. பார்வையை அது மறைக்கும், குரலை மறைக்காது. அடுத்த கட்டிலில் இருப்பவர் அதே தெருக்காரராக இருக்கக்கூடும்.

வீட்டுத் தரிசிப்பின்போது கேட்பது நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் அது சரிவரலாம். மட்டக்குளியிலோ புளூமெண்டலிலோ ஒரு தோட்டத்தில், பலகைச் சுவர் ஒன்று மட்டுமே இரண்டு குடும்பங்களைப் பிரிக்கும் இடத்தில், அங்கே சொன்ன சொல் பின்னேரத்துக்குள் தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிடும். அத்தகைய இடங்களில் கேள்வியைக் கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்குக் கணவரையோ மூத்த பிள்ளையையோ பயன்படுத்தவே கூடாது. தமிழ் தெரியாத உத்தியோகத்தர் ஒருவர் அவசரத்தில் பத்து வயதுப் பிள்ளையிடம் "அம்மா குடிப்பாவா என்று கேள்" என்று சொன்னதை நான் நேரில் பார்த்தேன். அந்தத் தாய் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே "இல்லை என்று சொல்லு" என்றார். அந்தப் பதிலுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

3. கேள்வியின் ஒழுங்கு

உலக சுகாதார ஸ்தாபனம் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டல், கர்ப்பிணித் தாய்மார் எல்லோரிடமும், இயன்ற அளவு முற்கூட்டியும், ஒவ்வொரு வருகையிலும் இதைக் கேட்க வேண்டும் என்கிறது. எல்லோரிடமும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தோற்றத்தையும், முகவரியையும், சமயத்தையும் பார்த்துக் கேட்டால், ஏழைத் தாய் அவமானப்படுவார். வசதியான வீட்டுத் தாய் தப்பிப்போவார். முஸ்லிம் தாயிடம் கேட்டால் கோபிப்பார் என்று பயந்து விட்டுவிடுபவர்கள் பலர். எல்லோரிடமும் கேட்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் யாரும் கோபிப்பதில்லை என்பது என் அனுபவம்.

ஆகவே முதல் வாக்கியம் அனுமதி கேட்பதாக இருக்கட்டும். நான் சொல்வது இது: "வாற எல்லா அம்மாமார்கிட்டயும் நான் இதைக் கேக்கிறது. நீங்க என்ன சொன்னாலும் நான் ஏசமாட்டேன், வீட்டுக்கும் சொல்லமாட்டேன். கேக்கலாமா?" கடைசிச் சொல்லுக்குப் பிறகு பேனாவை மேசையில் வைத்துவிடுங்கள்.

அடுத்து, சாப்பாட்டில் இருந்து தொடங்குங்கள். சத்தி எப்படி, என்ன சாப்பிட முடிகிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். தூக்கமும் சத்தியும் பல வேளைகளில் குடிக்கு இட்டுச்செல்லும் வாசல்கள். ஆகவே இது வெறும் முகமன் பேச்சு அல்ல.

பிறகு மருந்துகளும் டொனிக்குகளும். கடையில் வாங்கிய இருமல் மருந்து, ஆயுர்வேத அரிஷ்டங்கள், "உடம்பு தேற" என்று மாமியார் கொடுக்கும் கசாயம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அதில் மதுசாரம் தானாகவே உண்டாகிறது. இதைத் தெரியாமல் காலையும் மாலையும் குடிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, வைத்தியரிடம் காட்டுங்கள். நத்தார் காலத்தில் பிராந்தி ஊற்றிய கேக்கைப் பற்றியும் கேட்பார்கள். இந்த முறை வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அங்கே நின்றால் பெரிய விடயத்துக்கு நேரம் இராது.

அதற்கடுத்தது வீடு. "வீட்டில யாராவது பாவிக்கிறாங்களா? அவர் குடிக்கும்போது உங்களுக்கும் தாறதா?" இரண்டாவது கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கணவர் குடிக்கும்போது கூடவே ஒரு கிளாஸ் வாங்கிக்கொள்வது சில பெண்களுக்குச் சண்டையைத் தவிர்க்கும் வழியாக இருக்கிறது. அது அவருடைய விருப்பம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

இப்போதுதான் அவரைப் பற்றிய கேள்வி வருகிறது. அதுவும் கர்ப்பத்துக்கு முன்பிருந்து. "பிள்ளை தங்கியிருக்கு என்று தெரியிறதுக்கு முன்னுக்கு, கல்யாண வீடு, பெருநாள், பார்ட்டி என்று எப்பவாவது பியரோ வைனோ வேற ஏதாவதோ எடுத்திருக்கிறீங்களா?" கடந்த காலத்தைச் சொல்வது எளிது, குற்றம் போலத் தோன்றாது. அதற்கு "ஓம்" என்றால், "அதுக்குப் பிறகு?" என்று இரண்டே சொல்லில் கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பவே கூடாது. புதியவர்கள் மூன்று விநாடிக்கு மேல் தாங்கமாட்டாமல் "இல்லைதானே" என்று தாங்களே பதிலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சிலர் சட்டத்தைப் பற்றிப் பயப்படுவார்கள். பெண்களுக்கு மதுபானம் விற்பது பற்றிய கலால் விதி விற்பவரைக் கட்டுப்படுத்துவது; கிளினிக்கில் உண்மையைச் சொன்ன தாயைத் தண்டிப்பதற்கு அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

4. அளவை எண்ணிப் பாருங்கள்

"கொஞ்சம்" என்பது அளவல்ல. மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையையோ தண்ணீர்க் கிளாஸையோ காட்டி, "இதில எவ்வளவுக்கு?" என்று கேளுங்கள். விரலால் அவர் கோடு காட்டுவார். எந்தப் பானம், கலந்ததா தனியேயா, ஒரு போத்தலை எத்தனை பேர் பகிர்ந்தார்கள், வாரத்தில் எத்தனை நாள் என்பவற்றை எடுத்த பிறகு உள்ளட்டைக் கணக்கைப் பாருங்கள். கணக்குத் தாயின் முன் போட வேண்டாம்; விசாரணை போல இருக்கும்.

கர்ப்பத்துக்கு முந்தைய பழக்கத்தை அளக்க ஓடிட்-சீ (AUDIT-C) எனப்படும் மூன்று கேள்விகள் உதவும். எத்தனை தடவை, குடிக்கும் நாளில் எத்தனை அலகு, ஒரே தடவையில் 6 அலகோ அதற்கு மேலோ எத்தனை முறை என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 12. பெண்களில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் வேண்டும். டி-ஏஸ் (T-ACE) என்ற மற்றொரு முறையில் "எத்தனை குடித்தால் உங்களுக்கு ஏறும்?" என்ற கேள்வி இருக்கிறது. இரண்டுக்கு மேல் என்று பதில் வந்தாலே அதற்கு 2 புள்ளி. மொத்தம் 2 வந்தால் அது எச்சரிக்கை. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பழி சுமத்தாமல் உடலைப் பற்றி மட்டும் கேட்பதால் தாய்மார் யோசித்து நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் புள்ளியை ஒரு தடுப்புச் சுவராக்கிவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் இவ்வளவு குடித்தால் பாதிப்பில்லை என்று உறுதிப்படுத்தப்பட்ட அளவே இல்லை. புள்ளி குறைவாக இருந்தாலும், கர்ப்பம் தெரிந்த பிறகும் குடித்தால் அவரோடு பேச வேண்டும்.

5. யாருக்கு எந்தப் பேச்சு என்று பிரியுங்கள்

குடிக்காத தாய்க்கு ஒரு வரி போதும்: "நல்லது, பிள்ளை பிறக்கும் வரைக்கும், பால் கொடுக்கும் வரைக்கும் இப்படியே இருங்க." தெரியாமல் முன்பு குடித்து, தெரிந்ததும் நிறுத்தியவருக்கு ஆறுதலும் சரியான தகவலும் தேவை. இடைக்கிடை இன்னும் குடிப்பவருக்குத் திட்டம் வேண்டும். தினமும் குடிப்பவர், காலையில் குடிப்பவர், நிறுத்தினால் கை நடுங்குகிறது என்பவர் ஆகியோருக்கு வைத்தியர் வேண்டும். அவர்களுக்கு 8 ஆம் பகுதியைப் படித்துவிட்டே ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள்.

6. தகவலைச் சொல்லும்போது

முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். "பியர் உடம்புக்குக் குளிர்ச்சி", "கள்ளு சத்து", "வைன் குடித்தால் இரத்தம் ஊறும்" என்றெல்லாம் சொல்வார்கள். சிரிக்கக் கூடாது. இவற்றை அவருக்குச் சொன்னவர் பெரும்பாலும் அவர் மதிக்கும் ஒரு பெரியவர். "இரத்தம் ஊறத்தான் வேணும், அதுக்கு இந்த இரும்புச்சத்துக் குளிசை இருக்கு, தேத்தண்ணியோட குடிக்காம வேறயாக் குடிங்க" என்றால் பெரியவரின் மரியாதையும் காக்கப்படும், வைனும் விலகும்.

பிறகு சில விடயங்களை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் குடிப்பது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் இரத்தத்திலும் ஏறக்குறைய உங்கள் அளவுக்கே ஏறுகிறது. பிள்ளையின் ஈரல் இன்னும் வளராததால் அதை வெளியேற்ற நேரமெடுக்கும். பிள்ளையின் மூளை முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை வளர்கிறது. அதனால் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பலன் உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் படிப்பில், கவனத்தில், நடத்தையில் வாழ்நாள் முழுக்கச் சிரமம் இருக்கலாம் என்பதை அமைதியான குரலில் சேர்த்துக்கொள்ளலாம். முகத்தில் தெரியும் மாற்றங்கள் ஆரம்ப வாரங்களோடு தொடர்புடையவை. எல்லாப் பிள்ளையிலும் அவை தெரிவதில்லை. ஆகவே "ஸ்கேனில எல்லாம் நல்லா இருக்காம்" என்பது மூளைக்கு எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. படங்கள் காட்டிப் பயமுறுத்துவதை நான் நிறுத்திவிட்டேன். பயந்த தாய் அடுத்த கிளினிக்கிற்கு வராமல் இருந்துவிடுகிறார். வராத தாய்க்கு நாம் எதையும் செய்ய முடியாது.

தெரியாமல் குடித்த தாய் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா மிஸ்?" இங்கே இரண்டு பொய்கள் வாயில் வரும். ஒன்று, "ஒன்றும் ஆகாது." மற்றது, "ஆகியிருக்கும்." இரண்டும் நமக்குத் தெரியாதவை. நான் சொல்வது இதுதான்: "நீங்க தெரியாம குடிச்சது. தெரிஞ்ச உடனே நிறுத்தினீங்க, பிள்ளைக்கு நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். பிள்ளை பிறந்த பிறகு வளர்ச்சியை நாங்க கிளினிக்கில தொடர்ந்து பார்ப்போம்." அவர் அழுதால் அழவிடுங்கள், அடுத்த தாயைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம்.

7. இடைக்கிடை குடிப்பவரோடு திட்டம் போடுதல்

"நிறுத்துங்க" என்பது திட்டமல்ல. எப்போது, யாரோடு, எதற்காகக் குடிக்கிறார் என்று கேட்டுவிட்டு, அந்தக் காரணத்துக்கு மாற்றுத் தேடுங்கள். தூக்கத்துக்காக என்றால் தூக்கம் கெடுவதற்குக் காரணம் என்னவென்று வைத்தியரிடம் பேசுங்கள். மனப்பாரம் என்றால் மனநலப் பிரிவு. விருந்துகள் என்றால், அடுத்த விருந்து எந்தத் திகதி, அங்கே கையில் என்ன கிளாஸ் இருக்கும், வற்புறுத்துகிறவரிடம் என்ன பதில் சொல்வார் என்பது வரைக்கும் பேசுங்கள். "டொக்டர் குளிசை தந்திருக்கார், அதோட ஒன்றும் எடுக்கக் கூடாதாம்" என்ற பதில் நம் ஊரில் யாரையும் வாயடைக்கும்.

பிறகு 0 முதல் 10 வரை கேளுங்கள்: "நிறுத்த முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை?" நான்கு என்றால், "ஏன் நான்கு, ஏன் இரண்டு இல்லை?" என்று கேளுங்கள். தன்னிடம் உள்ள பலத்தைத் தன் வாயாலேயே அவர் சொல்வார். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் தடைகளைத்தான் அடுக்குவார். முடிவில் திட்டத்தை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாம் சொன்னதற்கும் அவர் விளங்கிக்கொண்டதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும்.

8. தினமும் குடிப்பவரிடம் "இன்றைக்கே நிறுத்துங்கள்" என்று சொல்லக் கூடாது

இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். மூன்றாவது பிள்ளையைச் சுமந்த ஒரு தாய், ஒரு திங்கட்கிழமை, ஒவ்வொரு இரவும் கால் போத்தல் சாராயம் குடிப்பதாக என்னிடம் சொன்னார். சொன்னதே பெரிய காரியம் என்று மகிழ்ந்து, பிள்ளைக்காக இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். புதன்கிழமை வீட்டுக்குப் போனபோது எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். கோப்பை தட்டத்தில் அடித்து அடித்துச் சத்தமிட்டது. பாதித் தேநீர் தட்டத்தில் கிடந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "நீங்க சொன்னதத்தான் மிஸ் செஞ்சேன்" என்றார். அன்றே வைத்தியசாலையில் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்தக் கோப்பையின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாள்தோறும் நிறையக் குடித்த உடல், திடீரென்று அது நின்றால் கொதித்தெழும். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, சத்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் குழம்பிப் பேசுவதும் இல்லாததைக் காண்பதும் ஏற்பட்டால் அது உயிராபத்து. சாதாரண கர்ப்பகாலச் சத்தியென்று இதை நினைத்துவிடுவது எளிது.

ஆகவே மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். காலையில் எழும்பியதும் குடிக்க வேண்டியிருக்கிறதா? ஒரு நாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா? ஒன்றுக்கேனும் "ஓம்" என்றால், அல்லது தினமும் குடிக்கிறார் என்றால், சொல்ல வேண்டியது இது: "நிறுத்தத்தான் வேணும். ஆனா தனிய, வீட்டில நிறுத்த வேணாம். ஆஸ்பத்திரியில வைச்சுப் பாதுகாப்பா நிறுத்துவோம்." அதே நாளில் வைத்திய அதிகாரியிடம் அழைத்துச் செல்லுங்கள். துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் அந்தத் துண்டு கைப்பையிலேயே கிடக்கும். வைத்தியசாலையில் நடுக்கத்தை அடக்க மருந்து கொடுத்து, தாயையும் பிள்ளையையும் கண்காணித்து நிறுத்துவார்கள். விற்றமின் பி1 குறைபாடு இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், குளுக்கோஸ் ஏற்றும் முன் அதைக் கொடுக்க வேண்டும். அனுப்பும் கடிதத்தில் குடியின் அளவும் கடைசியாகக் குடித்த நேரமும் எழுதப்பட்டிருந்தால்தான் இது அவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும்.

குடியை நிறுத்தும் குளிசை என்று யாராவது வாங்கி, குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பதுண்டு. கர்ப்பிணித் தாய்க்கு இது மிகவும் ஆபத்து என்று வீட்டாருக்கு உறுதியாகச் சொல்லுங்கள்.

20 வாரத்துக்குப் பின் வலிப்பு வந்தால், குடியால் வந்தது என்று தெரிந்தாலும், உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பாகவே கருதி 1990 ஐ அழையுங்கள். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கையில் இரும்பைக் கொடுத்து நேரத்தைப் போக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் குடியைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டையும் அவர் பார்க்க வேண்டும்.

9. கணவரும் வீடும்

தாயின் சம்மதமின்றிக் கணவரிடம் ஒரு சொல்லும் போகக் கூடாது. சம்மதித்தால், கர்ப்பகால வகுப்புக்குக் கணவர் வரும் நாளைப் பயன்படுத்துங்கள். அங்கே தனி ஒருவரைச் சுட்டாமல், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் போத்தல் இல்லாமல் இருப்பது அவருக்கு உதவும் என்று எல்லா ஆண்களுக்கும் பொதுவாகச் சொல்லலாம்.

அடி, மிரட்டல், வற்புறுத்திக் குடிக்கவைத்தல் ஆகியவை வெளிவந்தால் வேலையின் ஒழுங்கே மாறுகிறது. அப்போது முதலில் பாதுகாப்பு; குடி பிறகு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும், வைத்தியசாலையிலுள்ள மிதுரு பியச நிலையத்துக்கு அவரை இணையுங்கள். 1938 ஐ அவர் வீட்டில் யாரும் காணாத விதத்தில் மனனம் செய்யவையுங்கள். தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். கணவரை அழைத்துக் கண்டிக்கப் போகும் நல்லெண்ணம் அன்றிரவு அந்தத் தாயின் மேல்தான் விழும்.

10. எங்கே, எப்படி எழுதுவது

கர்ப்பகாலப் பதிவேடு தாயின் கையில் வீட்டுக்குப் போகிறது. அதை மாமியாரும் கணவரும் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் பிரசவ அறையில் இருப்பவர்களுக்கும் இந்தத் தகவல் தேவை. ஆகவே என்ன எழுதப்போகிறேன், எதில் எழுதப்போகிறேன் என்பதைத் தாயிடம் சொல்லி, அவரோடு முடிவு செய்யுங்கள். விரிவான குறிப்பைக் கிளினிக்கில் இருக்கும் பிரதியிலும், முத்திரையிட்ட அனுப்புக் கடிதத்திலும் வையுங்கள். "குடிகாரி", "பழக்கம் உள்ளவர்" போன்ற சொற்கள் வேண்டாம். "வாரத்துக்கு 2 நாள், ஸ்ட்ரோங் பியர் 1 டின், 14 ஆம் வாரம் வரை" என்று எழுதினால் அடுத்தவருக்கு அதுவே பயன்படும். கேட்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுதாமல் "கேட்கவில்லை" என்றே எழுதுங்கள். அடுத்த உத்தியோகத்தர் கேட்பார்.

11. அடுத்த வருகைகளும் பிரசவத்தின் பின்னும்

ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள். முதல் தடவை "இல்லை" என்றவர் மூன்றாம் தடவை சொல்வதுண்டு. நம்மைப் பார்த்துப் பழக அவருக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கும். மீண்டும் குடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், "வந்து சொன்னீங்களே, நல்லது" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். பிறகு எந்த நாளில், எப்படி நடந்தது என்று கேட்டு, திட்டத்தில் அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள்.

36 ஆம் வாரம் அளவில் பிரசவத்துக்குப் பிந்திய வழக்கங்களைப் பற்றிப் பேசுங்கள். அந்த நேரத்தில் மாமியாரும் அம்மாவும் கூட இருப்பது நல்லது. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மருந்துச் சரக்கோடு பிராந்தி கொடுக்கும் வழக்கமும், அரிஷ்டம் கொடுக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கின்றன. ஒன்பது மாதமும் தொடாத தாய் இந்த நாட்களில் மறுப்பின்றிக் குடிக்கிறார். இரத்தத்தில் ஏறும் மதுசாரம் பாலிலும் ஏறக்குறைய அதே அளவில் ஏறுகிறது என்பதையும், குடித்த தாய் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது மூச்சுத் திணறலுக்கு வழிவகுக்கும் என்பதையும் சொல்லுங்கள். மிளகு, இஞ்சி, உள்ளி சேர்த்த சரக்குக் கறியை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. பிராந்தியை மட்டும் விட்டால் போதும் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். பிரசவத்தின் பின் முதல் வீட்டுத் தரிசிப்பில் தொப்புளையும் தையலையும் பார்த்து முடித்த பிறகு, தாயின் அம்மாவிடம் "சரக்குக்குள்ள இந்த முறை என்னென்ன போட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் குசினியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து காட்டுவார்.